ஹெம்ஸ்டேய்ன் வீட்டு மூக்கு

பழைய ஓவியங்களில் இருப்பவர்கள் யார் என்று கண்டுபிடித்துச் சொல்வது வீட்ஸ்கேயின் தொழில். அதனால் ஹார்லெம் நகரத்துப் பெரிய வீட்டுக்காரர்கள் பலரை அவளுக்குத் தெரியும். செத்தவர்களின் பெருமையைத் தின்றே வயிறு வளர்ப்பவர்கள். அலார்ட் ஹெம்ஸ்டேய்ன் அவர்களிலும் ஒரு படி மேல். காபியோடு ஒரே ஒரு பிஸ்கட்டை நீட்டி டப்பாவை மூடியவர், சுவரில் கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்று மாட்டியிருந்த பழைய கல்யாண ஜோடிப் படங்களுக்கு அருகில் பக்கவாட்டாகத் திரும்பி நின்றார்.

"நல்லா பாருங்க. அந்தப் பாட்டனார் மூக்கு, இந்தா என் மூக்கு. முந்நூத்தம்பது வருஷமா மாறலை! மியூசியத்துல வைக்கப்போறாங்க. பேரை மட்டும் நீங்க உறுதி பண்ணாப் போதும்."

அவர் மனைவி மார்லுஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"ஜோடிப் படம்னா புருஷனும் பொண்டாட்டியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துத்தானே திரும்பியிருப்பாங்க?" என்றாள் வீட்ஸ்கே. "இவர் என்ன, அந்தம்மாவுக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கிறார்?"

"கண்டிப்பான மனுஷர். பொண்டாட்டியைப் பார்த்துப் பல்லிளிக்கிற வழக்கம் எங்க குடும்பத்துல கிடையாது."

"அது நிஜந்தான்," என்றாள் மார்லுஸ்.

வீட்ஸ்கே முக்காலியில் ஏறி, இரண்டு தலைகளுக்கும் மேலே வரைந்திருந்த குடும்பச் சின்னத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தாள். இறங்கியபோது அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அந்தம்மா உங்க வம்சத்துப் பொண்ணுதான், சின்னம் அசல். ஆனா இவர் தலைக்கு மேல இருக்குற சின்னத்தோட பெயின்ட் பழைய வெடிப்புக்குள்ள வழிஞ்சிருக்கு. படம் காய்ஞ்சு வெடிச்சதுக்கப்புறம் யாரோ சின்னத்தை வரைஞ்சிருக்காங்க. உங்க தாத்தா காலத்துல இவர் படத்தை எங்கயோ ஏலத்துல எடுத்து ஜோடி சேர்த்திருப்பாங்க. இவர் யாரோ ஒரு வழிப்போக்கர்."

"அப்போ... மூக்கு?"

"மூக்கு ஊருல எல்லாருக்கும்தான் இருக்கு. அசல் ஹெம்ஸ்டேய்ன் மூக்கு வேணும்னா அந்தம்மாவைப் பாருங்க. நல்ல சப்பை மூக்கு."

மார்லுஸ் கோப்பையை டக்கென்று வைத்தாள். "பையன் சப்பை மூக்கோட பொறந்தப்போ என்ன சொன்னே அலார்ட்? மீன் விக்கிற உங்கப்பன் வீட்டு மூக்குன்னு சொன்னியே! அவனை ஒரு நாளாவது இந்தப் படத்துக்குப் பக்கத்துல நிக்க விட்டிருக்கியா?"

அலார்ட் அவளைப் பார்க்கவே இல்லை. வீட்ஸ்கேயிடம் குழைந்தார். "அந்தம்மாவோட ரெண்டாவது புருஷனா இருக்கலாமில்ல? 'இருக்கலாம்'னு ஒரு வார்த்தை எழுதிடுங்களேன்."

"எழுத மாட்டேன்."

"அப்போ கிளம்புங்க!"

மார்லுஸ் எழுந்து அந்தப் பெண்ணின் படத்தைக் கழற்றினாள். "இவங்க என் ரூமுக்கு வரட்டும். அந்த ஆளை நீயே கட்டிக்கிட்டு அழு." வீட்ஸ்கே மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். குறுகலான மாடிப்படியில் இருவரும் அதைத் தூக்கிப் போனபோது, கீழே அலார்ட் கண்ணாடி முன்னால் நின்று தன் மூக்கைத் தடவிக்கொண்டிருந்தார். வீட்ஸ்கேக்கு இரக்கம் துளியும் வரவில்லை.

அடுத்த மாதம் வேறொரு நிபுணர் வந்து 'இருக்கலாம்' என்று எழுதிக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டாள். அந்த ஆளையும் அவளுக்குத் தெரியும். பிஸ்கட்டுக்கே எழுதிக் கொடுக்கிற ரகம்.