சிவப்பு நூல் கட்டிய புட்டி

மேசைமேல் வரிசையாக நின்ற புட்டிகளின் கழுத்தைக் குழந்தைசாமி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தான். எதிலும் சிவப்பு நூல் இல்லை.

பங்களாவின் நிலவறையை முதலாளி ஜீவானந்தம் அன்று காலையில்தான் திறந்திருந்தார். உள்ளே இருந்தது, காப்பிக்கொட்டை உரிக்கும் மிஷினைப் பொருத்த வந்த இத்தாலிக்காரர் ஜீவானந்தத்தின் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போன ஒயின். அப்பா போனபின் எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது. சம்பந்தி வருகிற நாளில் கிடைத்ததே என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. புட்டிகளைத் துடைத்து மேலே கொண்டுவரும்படி சமையல்காரி அம்சவேணியிடம் சொன்னார். சாயங்காலம் சம்பந்தி சேலத்திலிருந்து வந்து இறங்கியபோது மஞ்சு மூடி, காப்பிச் செடிகள் கண்ணுக்குத் தெரியவில்லை.

மறக்காதவன் நிலவறைச் சாவி வைத்திருந்த வாட்ச்மேன் குழந்தைசாமி ஒருவன்தான். இரண்டு வருஷத்துக்கு முன், தன் மனைவி அம்சவேணி வளர்த்த ஆட்டை அவளைக் கேட்காமல் விற்றுவிட்டான். அவள் சத்தம் போடவில்லை. காப்பிச் செடிக்கு அடிக்கிற மருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தாள். ஓடிப்போய்ப் பிடுங்கினான். வீட்டில் எங்கே ஒளித்தாலும் கண்டுபிடித்துவிடுவாள் என்று, நிலவறையில் ஒரு புட்டியைத் தானே குடித்துத் தீர்த்து, மருந்தை அதில் ஊற்றித் தக்கையை அடித்து, மற்றவற்றோடு நிறுத்திவைத்தான். அடையாளத்துக்குக் கழுத்தில் நூல் கட்டினான்.

ஜீவானந்தம் தக்கையில் திருகாணியை இறக்கினார்.

“அய்யா, வேண்டாமுங்க! இதுல ஒன்னுல பூச்சிமருந்து இருக்குதுங்க. நாந்தான் ஊத்தி வெச்சேன்.”

சம்பந்தி டம்ளரைத் தள்ளிவைத்தார்.

“எதுலடா?”

“நூல் கட்டியிருந்தேனுங்க. இப்பக் காணோமுங்க.”

சமையலறை வாசலிலிருந்து அம்சவேணி சொன்னாள். “பயப்படாதீங்க சாமி. நூல் கட்டுனத தொடைக்கறப்பவே தனியா எடுத்துட்டேன். மோந்தா எனக்குத் தெரியாதுங்களா?”

ஜீவானந்தம் தக்கையைப் பிடுங்கி, முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். “குடிச்ச ஒரு புட்டிக்குக் காலைல இருக்குடா உனக்கு. போ, பொண்டாட்டி கால்ல விழு.”

அவர்கள் சிரிப்பு ஓயவில்லை. குழந்தைசாமி சமையலறை வாசலையே பார்த்தான். போன வாரம் அவளுடைய கன்றுக்குட்டியையும் கேட்காமல் விற்றிருந்தான். அதற்கும் அவள் சத்தம் போட்டிருக்கவில்லை.

சமையலறைக்குள் போய் மெதுவாகக் கேட்டான். “அத எங்க வெச்ச, கண்ணு?”

“நீங்க என்னயக் கேட்டுப்போட்டா வித்தீங்க?”

அடுப்போரம் ஒரு தட்டு மூடியிருந்தது.

“உக்காருங்க. சோறு ஆறுது.”

மூடியைத் தூக்கிய அவளுடைய விரலில், சதை வெளுக்கும்படி இறுக்கிச் சுற்றியிருந்தது சிவப்பு நூல்.