எரியாத மருந்து

அப்பாவின் வலது மணிக்கட்டு எப்போதும் வீங்கியே இருக்கும். காரைக்குடி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் அவர் புரோட்டா மாஸ்டர். மாவை வீசுவதில் பேர் போனவர்; ‘பெத்தன் வீச்சு’ என்று அவர் பேரைச் சொல்லியே கடைக்கு ஆள் தேடி வரும். சாயங்காலம் கல் சூடாவதற்கு முன்னால் வலி மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டுத்தான் மாவில் கை வைப்பார். அது வருஷக்கணக்காக நடந்திருக்கிறது. கால் வீங்கி, மூச்சு வாங்கி, அவரைச் சிவகங்கை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோதுதான் எங்களுக்கே தெரிந்தது.

“கிட்னி பாதிதான் வேலை செய்யுது. இனி அந்த மாத்திரையைத் தொட்டா மிச்சமும் போயிரும். அப்புறம் மிஷின்லதான் ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும்” என்றார் டாக்டர். வலிக்குக் குளிர்ந்த ஒத்தடம் கொடுக்கலாம் என்றார்.

எங்கள் தெருவில் ஒருவர் அப்படி மிஷினுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். போன ஆடியில் அவரைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். சிவகங்கையிலிருந்து திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பக்கத்து வீட்டு சப்ரின் அக்கா வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு என்னை அனுப்பினார்கள். டாக்டர் சீட்டைப் படித்துவிட்டு அக்கா தோலில் ஒட்டும் கூலிங் பட்டை அட்டை ஒன்றை எடுத்து வைத்தாள்.

“இதுல மருந்து ஒண்ணும் இல்ல. தண்ணிப் பசைதான். தோலுச் சூட்டை இழுக்கும், அம்புட்டுத்தான். நோவு கொறையும், நோய் போகாது. கையக் கழுவித் தொடச்சிட்டு ஒட்டணும். புண்ணு மேல ஒட்டக் கூடாது. அடியில தைலம் கிய்லம் தேய்க்கக் கூடாது, மேல மூடிக் கட்டக் கூடாது. குளுமை போனதும் எடுத்துரணும். நடுவுல எரிஞ்சாலும் அரிச்சாலும் ஒடனே எடுத்துரணும். வெளங்குச்சா?”

தலையை ஆட்டினேன்.

“வாயத் தொறந்து சரின்னு சொன்னா முத்து உதுந்துருமாக்கும்!”

வீட்டில் அப்பா பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“காச்சக்காரப் புள்ளைக்கு நெத்தியில ஒட்டுறதுல்ல இது? என்னையத் தொட்டில்ல போட்டு ஆட்டப் போறீகளா?”

“ஆட்டலாம். ஒங்களத் தூக்கிப் போடத்தான் ஆளு வேணும்” என்றாள் அம்மா.

அக்கா சொன்னதையெல்லாம் சொல்லிக்கொண்டே ஒட்டினேன். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் முகம் தளர்ந்தது. வலி பாதி அடங்கியது என்றார். ஆனால் நம்பவில்லை. எங்கள் ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும், யாராவது கொண்டுவந்து கொடுத்த மலேசியாத் தைலம் ஒரு பாட்டில் இருக்கும். தேய்த்தால் கண்ணில் தண்ணீர் வரவேண்டும். அப்படி எரிந்தால்தான் அது மருந்து. எரியாத ஒன்றை அப்பாவால் மருந்தாக நினைக்க முடியவில்லை.

மறுநாள் கடையில் வைத்து அந்தத் தைலத்தை மணிக்கட்டில் கெட்டியாகத் தேய்த்திருக்கிறார். அதன்மேல் பட்டை. வேர்வையில் விழுந்துவிடாமல் இருக்கப் பார்சல் கட்டும் பிளாஸ்டிக் தாள். அதற்கும் மேல் துண்டு. அந்தக் கையோடு கொதிக்கும் கல்லுக்கு முன்னால் நின்றிருக்கிறார். வீட்டுக்கு வந்து கட்டை அவிழ்த்தபோது பட்டையோடு தோலும் உரிந்து வந்தது.

“எரிஞ்சப்பவே அவுத்துருக்கலாமுல்ல?” என்று அம்மா அழுதாள்.

“எரியவும், மருந்து வேலை செய்யுதுன்னு நெனச்சிட்டேன்டி.”

ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் களிம்பு போட்டுக் கட்டினார்கள். ஆறும் வரைக்கும் பட்டை ஒட்டக் கூடாது. மாத்திரையும் கிடையாது. வலியோடு இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அப்பா இடது கையால் சாப்பிட்டார். நாங்கள் பார்ப்பது தெரிந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஒரு மத்தியானம் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். அம்மா நிலைப்படியில் போய் நின்று கையை நீட்டினாள்.

“எடுங்க.”

“எத?”

“பாக்கெட்டுல இருக்குறத.”

“முகூர்த்த நாளு. கூட்டம் அள்ளும். ஒண்ணே ஒண்ணுதான், இன்னைக்கி மட்டும்.”

“இம்புட்டு நாளும் அப்படித்தான தின்னீக?”

அம்மா சத்தம் போடவில்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை. அப்பா கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். பிறகு மாத்திரை அட்டையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தார்.

“மொதலாளிக்குப் போன் போடு, தாயி.”

போட்டுக் கொடுத்தேன். இடது கையில் வாங்கிக் காதில் வைத்தார்.

“அழகுசுந்தரம் அண்ணே, நான் பெத்தன். இன்னைக்கி வரல. இனிமே வீச்சு நமக்கு ஆகாது. கை ஆறுனதும் கல்லுல திருப்பிப் போடுற வேலை இருந்தாக் குடுங்க.” கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “இல்லண்ணே, கோவமெல்லாம் இல்ல. வேற ஆளப் போட்டுக்கங்க.”

போனைத் திருப்பித் தரும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

இப்போது அந்தக் கடையில் வேறொருவர் வீசுகிறார். அப்பா பக்கத்தில் நின்று இடது கையால் திருப்பிப் போடுகிறார். பெத்தன் வீச்சு எங்கே என்று கேட்கிறவர்களிடம் வீசுகிறவரைக் கை காட்டிவிடுகிறார்.

வேலை முடிந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுகிறார். எண்ணெய்ப் பிசுக்குப் போய்விட்டதா என்று விரலால் தடவிப் பார்க்கிறார். துடைத்துவிட்டு என்னிடம் நீட்டுகிறார். புண் இருந்த இடத்தில் தோல் நன்றாக மூடிவிட்டது. நான் பட்டையை ஒட்டுகிறேன்.

“எரியுதாப்பா?”

“இல்லத்தா. குளுந்துருக்கு.”