பன்னிரண்டு வரி

மூன்றாவது பொத்தானை நான்காவது துளையில் மாட்டிவிட்டு, அடியில் ஒரு பொத்தான் மிஞ்சி நிற்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார் பாய்லர்காரர். முப்பத்தெட்டு வருஷம் சலவை ஆலையில் பாய்லர் பார்த்த விரல்கள். சூட்டில் காய்த்துப்போனவை. பொத்தான் மாதிரிச் சின்னச் சாமான் எதுவும் அவற்றுக்குப் பிடிபடாது. தினமும் மாட்டிவிடுகிறவள் நேற்று மதியம் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிவிட்டாள்.

மகள் வந்து எல்லாவற்றையும் கழற்றி மறுபடி போட்டாள். அழுது முடித்த முகம். இவருக்கு இன்னும் அழுகை வரவில்லை. வருமா என்றும் தெரியவில்லை.

"பத்து மணிக்குக் கூடத்துல இருக்கணும்ப்பா."

"ம்."

"நீங்கதான் ஓதணும். அம்மா கூடத்துப் பெரியவர்கிட்ட ரெண்டு தடவை சொல்லியிருக்காங்க, அவர் வாயாலதான்னு."

நேற்றிலிருந்து அவர் நெஞ்சில் துக்கம் உட்கார இடம் விடாமல் உட்கார்ந்திருந்தது இந்த ஒரு விஷயம்தான்.

மனைவியுடைய ஆட்கள் வழிபடும் கூடத்தில் ஒரு வழக்கம். செத்தவருக்கு நெருங்கியவர் உடலருகே நின்று பன்னிரண்டு வரி ஓத வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் நிற்கிறவர்கள் "அப்படியே ஆகட்டும்" என்பார்கள். பழைய பாஷை. ஏட்டைப் பார்த்துப் படிக்கக் கூடாது. பெண் கேட்கப் போன அன்று அவள் அப்பா கேட்டது ஒரே கேள்வி. "ஓதத் தெரியுமா?" தெரியும் என்று சொல்லிவிட்டார் இவர். பெண் கிடைக்க வேண்டுமே. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவருக்கு அந்த எழுத்தே தெரியாது.

பிறகு நாற்பத்தோரு வருஷம் வாரம் தவறாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாயை அசைத்தார். கூடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் அவரவர் வேகத்தில் முணுமுணுப்பார்கள். தேன்கூடு மாதிரி ஒரு இரைச்சல். எவன் எதைச் சொல்கிறான் என்று சாமிக்கே தெரியாது. அடுத்தவர் சாவுகளுக்குப் போனால் செருப்புக்குக் காவல் என்று வாசலிலேயே நின்றுகொள்வார். ஊருக்குள் அவருக்குப் பக்திமான் என்று பெயர். பக்தி என்பது பாதி வாயசைப்புதான் என்பது அவர் கட்சி. மீதிப் பாதியை அவர் யாரிடமும் பார்த்ததில்லை, அவளிடம் தவிர.

மச்சான், அவளுடைய தம்பி, பேக்கரிக்காரர், மாவு வாசனையோடு வந்து நின்றார்.

"அத்தான், நல்லா சத்தமா ஓதுங்க. அக்காவுக்கு இடது காது மந்தம்."

"அவளுக்கு நான் சொன்னா மட்டும்தான்யா மந்தம்."

மச்சான் சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார். இவருக்கு அந்த ஆள்மேல் கோபம் இல்லை. இப்போது எதன்மேலும் எதுவும் இல்லை. அவள்மேல் மட்டும் கொஞ்சம் இருந்தது. இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவள், போகிற நேரத்தில் இதை ஏன் என் தலையில் கட்டிவிட்டுப் போனாள்?

"முடியலைன்னா நான் ஓதிடறேன் அத்தான். தப்பில்லை."

'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. துக்கத்தில் தொண்டை அடைத்துவிட்டது என்று ஊரே பரிதாபப்படும். நாக்குவரை வந்துவிட்டது.

"அவ என்னைத்தானே சொன்னா," என்றார்.

கூடத்தில் அறுபது பேர் இருப்பார்கள். அவளிடம் தைக்கக் கொடுக்கிற பெண்களே பாதி. நடு மேசையில் அவள் கிடந்தாள். யாரோ தலையை வகிடெடுத்து வாரியிருந்தார்கள். அவள் வகிடெடுக்க மாட்டாள். சொல்லலாமா என்று யோசித்து, விட்டுவிட்டார்.

பெரியவர் கையைக் காட்டினார். பாய்லர்காரர் மேசையருகே போய் நின்று கண்ணை மூடினார். உதடு தன்பாட்டுக்கு அசையத் தொடங்கியது. நாற்பத்தோரு வருஷப் பழக்கம் அல்லவா.

"சத்தமா," என்றார் பெரியவர்.

உதடு நின்றது. இரும்பு நாற்காலி ஒன்று எங்கோ கிறீச்சிட்டது. மச்சான் ஒரு அடி முன்னால் வைத்த செருப்பில்லாத காலை இவர் கண்ணைத் திறந்து பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பொய்யைச் சொல்ல இனி நேரமும் இல்லை, ஆளும் இல்லை. உதடு எதை அசைத்துக்கொண்டிருந்ததோ அதையே எடுத்து வெளியே விட்டார்.

"கண்ணாடிக் குழாயில தண்ணி மட்டம் பாரு."

அறுபது தலையும் நிமிர்ந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் தண்ணீர் பார்க்காமல் நெருப்பு வைத்து, பாய்லர் வெடிக்கப் போய்த் தப்பியது. அன்றிலிருந்து வேலை வரிசையை அவர் மனதுக்குள் ஓட்டாத நாள் கிடையாது. கூடத்தில் வாய்க்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தபோது அதையே கொடுத்துவிட்டார்.

"அப்படியே ஆகட்டும்," என்றாள் மகள். அவள் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

"அடி வால்வைத் திற. கசடு போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்." தையல் வாடிக்கைக்காரி ஒருத்தியும் சேர்ந்துகொண்டாள்.

"வால்வை மூடு."

"அப்படியே ஆகட்டும்." இப்போது ஏழெட்டுக் குரல்.

"தண்ணி பம்பைப் போடு. புகைபோக்கியைத் திற. பழைய காத்து வெளியே போகட்டும். அதுக்கு முன்னாடி நெருப்பு வைக்காதே."

ஒவ்வொன்றுக்கும் நிறுத்தினார். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. மச்சான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. நெருப்பு வைக்கச் சொன்னார். அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்க்கச் சொன்னார். அவசரப்படாதே என்றார். நீராவியை மெதுவாக விடச் சொன்னார். பிறகு ஒன்றும் வரவில்லை. மகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்படியே ஆகட்டும்," என்று கடைசியாகப் பெரியவரே சொல்லி முடித்துவைத்தார்.

வாசலில் மச்சான் பெரியவரைப் பிடித்துக்கொண்டார். "இதெல்லாம் ஒரு ஓதலாங்க? எங்க அக்கா ஆயுசு பூரா இந்தக் கூடத்துக்கு உழைச்சவங்க."

"தெரியும்," என்றார் பெரியவர். "அவர்தான் ஓதணும்னு அவங்க சொன்னப்போ, என்ன ஓதுவார்னு கேட்டேன். உங்க அக்கா சிரிச்சாங்க."

மச்சான் வெகுநேரம் தன் கையில் ஒட்டியிருந்த காய்ந்த மாவைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

புதைத்துவிட்டு வீட்டுக்கு வர மூன்று மணி ஆகிவிட்டது. மகள் அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீர் போட்டாள்.

"ஒண்ணு விட்டுட்டீங்கப்பா. பதினொண்ணுதான் சொன்னீங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அம்மா அடுப்பு பத்தவைக்கும்போது இதைத்தானே சொல்லுவாங்க. நான் சின்னதுல அது சாமி பாட்டுன்னு நினைச்சேன்."

தண்ணீர் கொதித்ததும் அவர் டீத்தூள் டப்பாவை எடுத்துக் கொடுத்தார்.

"எது விட்டேன்?"

"அடுத்த ஆள்கிட்ட நிலவரம் சொல்லிட்டுப் போ."

அவர் முன்னறைக்குப் போனார். தையல் மிஷினுக்கு உறை போட்டிருந்தது. ஊசி மேலே தூக்கி, நூல் கழற்றி, சுவரில் பிளக் பிடுங்கி வைத்திருந்தது. பக்கத்தில் மடித்து அடுக்கிய துணிகள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று ஆட்டோக்காரனைக் கால் மணி நேரம் காக்கவைத்தது இதற்காகத்தானா? அதற்கு அவர் கத்தினது ஞாபகம் வந்தது. ஒவ்வொரு துணியிலும் ஒரு சீட்டு குத்தியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தார். 'டாக்டர் வீடு. கை ஒரு இஞ்ச் குறைத்தாச்சு.' 'மாடி வீட்டுப் பெண். இடுப்பு பிரிக்கணும்.'

அடியில் அவருடைய பழுப்புச் சட்டை இருந்தது. அந்தச் சீட்டில் மட்டும் எழுத்து, வகுப்புப் பலகையில் போடுகிற மாதிரி, பெரிதாக, தள்ளித் தள்ளி இருந்தது.

'பொத்தான் மாற்றியாச்சு.'

காசளவுக்கு இருந்தன பொத்தான்கள், துளைகளும் அதற்கேற்ப. போட்டிருந்த சட்டையைத் தலைவழியே உருவிக் கழற்றிவிட்டு, பழுப்புச் சட்டையை மாட்டினார். மேலிருந்து ஆரம்பித்தார். முதல் பொத்தான் முதல் துளையில் போய் உட்கார்ந்தது. இரண்டாவதும்.

"டீ ஆறுதுப்பா," என்றாள் மகள் உள்ளேயிருந்து.

அவர் மூன்றாவதைத் தேடிக்கொண்டிருந்தார்.