நாலு ஆள் வேலை

நல்லசாமியின் பெயர் சயாம் பட்டியலில் ஏறிய அன்றுதான் பங்களா மீன்கள் சாகத் தொடங்கின. ரந்தாவ் ஊர்ப் பக்கத்திலிருந்த அந்த ரப்பர்த் தோட்டத்திலிருந்து சயாமில் ரயில் பாதை போட ஏற்கெனவே பதினோரு பேரை ஜப்பான்காரன் லாரியில் ஏற்றிப் போயிருந்தான். ஒருவனும் திரும்பவில்லை. இந்த முறை நான்கு பேர். மறுநாள் காலை லாரி வரும்.

நல்லசாமியின் மனைவி மங்கம்மா அழவில்லை. அவளுக்கு ஆத்திரம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

ஓடிப்போன வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் ஏழு வருஷம் வேலை பார்த்தவள் அவள். துரை விட்டுப்போன கண்ணாடித் தொட்டியில் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஏழு மீன்கள் இருந்தன. வளர்த்தவள் அவள்தான். இப்போது பங்களாவில் குடியேறியிருந்த ஜப்பான் அதிகாரிக்கு அவற்றின் மேல் உயிர். வந்ததும் தொப்பியைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் குந்திவிடுவான். மனுஷரை அறையக் கூசாத கை, அந்தக் கண்ணாடியை மட்டும் பதமாகத் தொடும்.

பட்டியலை எழுதிக் கொடுத்த தோட்டத்துக் கணக்கர், கிராணி இராஜமாணிக்கம், இதைக் கவனித்து வைத்திருந்தார். "எல்லாம் கெளுத்திக் குஞ்சு, எனக்கு அத்துப்படி" என்று அதிகாரியிடம் அளந்துவிட்டு, நல்ல பெயர் வாங்கத் தொட்டியைத் தானே கழுவினார். எதில்? ரப்பர்ப் பால் உறைய ஊற்றுகிற ஆசிட்டில். ஸ்டோரில் கறை பிடித்த கண்ணாடியை அப்படித்தான் துடைப்பார்கள். தொட்டி பளிச்சென்று ஆனது. சாயங்காலத்துக்குள் நான்கு மீன்கள் மல்லாந்தன.

மிச்சம் மூன்றையும் மங்கம்மா அள்ளி, ஓடைத் தண்ணீர் நிரப்பிய பேசின் சட்டியில் விட்டாள். அதிகாரி உள்ளே வந்தபோது, பேசினை இடுப்பில் அணைத்தபடி அடுப்படிக் கால்வாய் ஓரம் நின்றாள். அவனுக்கும் அரைகுறை மலாய் தெரியும், அவளுக்கும் தெரியும். கூடவே வந்த கிராணிக்கு நடுவில் மொழிபெயர்க்கிற வேலையில்லை.

"கெளுத்தியா இது? நல்லாப் பாருங்க. கெளுத்திக்கு ஒடம்பு வழவழன்னு இருக்கும். இதுக்கு ரெண்டு வரிசையா ஓடு அடுக்கியிருக்கு. மீசை கல்லுல ஒரசினா அழுகிப்போகும். மேல வந்து காத்து குடிச்சிட்டுப் போகும், அது அதோட பழக்கம். ஆனா ஆசிட்டக் குடிக்காது."

அதிகாரி குனிந்து பார்த்தான். ஓடு தெரிந்தது. கிராணியை ஒரு முறை முறைத்தான்.

"பிழைக்குமா?"

"பொழைக்கும். ஆனா ஆளு வேணும்."

அதுவரை தன் புருஷன் ஒருவனைக் காப்பாற்றத்தான் அவள் நினைத்திருந்தாள். வாசலில் பட்டியலிலிருந்த மற்ற மூன்று பேரின் பெண்டாட்டிகளும் கெஞ்ச வந்து நிற்பது கண்ணில் பட்டது. மூன்று மீனை அள்ளியவளுக்கு மூன்று மனுஷரைக் கைவிட மனசு வருமா?

"ஆத்து மணல சலிக்க முருகையா. ஓடைத் தண்ணி கொண்டாந்து ஒரு நாள் ஆறவைக்க மணியம். புழு நோண்டி நறுக்க ராமசாமி. ராத்திரி பகலா பக்கத்துலயே இருக்க நல்லசாமி. நாலும் தொரை காலத்துலருந்து பழகின கையி. புது ஆளுன்னா மீனு மெரண்டு செத்துரும்."

பச்சைப் பொய். அந்த நால்வரும் தொட்டியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அதிகாரி கை ஓங்கினான். மங்கம்மா பேசினைக் கால்வாய்ப் பக்கம் சாய்த்தாள். தண்ணீர் விளிம்புக்கு வந்தது.

"அடிங்க. என் கையி நடுங்கினா மூணும் கால்வாயில போயிரும்."

அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. ஓங்கிய கை மெல்ல இறங்கியது. அதிகாரி பட்டியலைப் பிடுங்கி நான்கு பெயர்களையும் அடித்தான். வேறு பெயர் எழுதப் பேனா எடுத்த கிராணியைத் தள்ளிவிட்டு, இந்தத் தோட்டத்தில் இனி அனுப்ப ஆள் இல்லையென்று தன் கையாலேயே எழுதினான்.

அவன் நகர்ந்ததும் கிராணி பல்லைக் கடித்தார். "சுண்டுவெரலு மீனுக்கு நாலு ஆளா? ஒனக்கே இது அடுக்குமா மங்கம்மா?"

"ஒத்தத் தொரைக்கு நானூறு பேரு ஒழைச்சோமே கிராணி ஐயா, அன்னிக்கு ஏன் கேக்கல?"