முகத்துக்காக ஒரு கையெழுத்து

றொபின்சன் இரண்டாம் தடவை புட்டுக்கு மீன்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தபோது, கீழே பேஸ்மென்டில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் கரகரவென்று இழுத்து, ஒருமுறை அதிர்ந்து, பிறகு எரியத் தொடங்கியது. குளிர் தேசத்து ரொக்ஸ்பரோவில் அந்த வீட்டை வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு ஒக்ரோபரிலும் அது இப்படித்தான் எழும்பும். வீட்டுக்காரர் பேரின்பநாயகத்துக்கும் மனைவி றஜனிக்கும் அது பழகிப்போன சத்தம். சாப்பிட வந்த றொபின்சனுக்கு மட்டும் அன்றைக்குப் புதிதாகக் காது கேட்டது.

"அண்ணன், கேட்டீங்களா? இது இந்தக் குளிரைத் தாண்டாது. நடு ஜனவரியில படுத்துதெண்டா என்ன செய்வீங்க?" என்று கேட்டுவிட்டு, சாப்பிட்ட கையைக் கழுவி வந்து பையிலிருந்து காகிதங்களை எடுத்தான். "நம்மட கம்பனிட பாதுகாப்புத் திட்டம். மாசா மாசம் ஒரு சின்னத் தொகை. உடைஞ்சா ஒரு போன் அடிச்சாச் சரி, ஆள் வந்து நிக்கும். நீங்க நிம்மதியாப் படுக்கலாம்."

பேரின்பநாயகம் டோர்வல் விமான நிலையத்தில் பயணப் பெட்டி ஏற்றி இறக்குகிறவர். கைப்பிடியைத் தொட்டதுமே பெட்டியின் பாரத்தைச் சொல்லிவிடுவார். ஆட்களை எடை போடுவதில் மட்டும் மனிதர் சுத்த மோசம். அதிலும் இந்த றொபின்சன் வெளியாள் இல்லை. அவரைப் போலவே மட்டக்களப்பான், தேவாலயத்து ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கிறவன், மகளுக்கு ஞானத்தகப்பன். பேரின்பநாயகத்தின் தாய் இங்கே கண்ணை மூடியபோது மண்டபம் பிடித்ததும் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்ததும் அவன்தான். அப்படிப்பட்டவன் மேசையில் ஒரு காகிதத்தை வைத்தால் என்ன செய்வது?

றஜனிதான் வாயைத் திறந்தாள். "தம்பி, இது நாங்க வீடு வாங்கக்குள்ளேயே பழசு. இவ்வளவு பழசுக்கும் செஞ்சு தருவாங்களா? அது இதில எங்க எழுதிக் கிடக்கு?"

நியாயமான கேள்வி. றொபின்சன் சிரித்துக்கொண்டு பேரின்பநாயகத்தைப் பார்த்தான். "அக்காவுக்கு என்னில நம்பிக்கை இல்லப் போல."

போதும். நம்மவர்களிடம் எதை விற்பதற்கும் அந்த ஒரு வசனம் போதும். பேரின்பநாயகத்தின் முகம் கறுத்துவிட்டது. "என்ன கதை கதைக்கிறாய் நீ? நம்மட பிள்ளைட ஞானத்தகப்பனிட்டக் கேக்கிற கேள்வியா இது?" என்று மனைவியின் மேல் பாய்ந்தார்.

அந்த ஊர் வழக்கப்படி காகிதம் முழுக்கப் பிரெஞ்சு. கணவனுக்கும் மனைவிக்கும் 'பொன்ஜூர்', 'மெர்சி'க்கு மேல் அந்தப் பாஷை ஏறவில்லை. ஆனால் மாடியில் மகள் இருந்தாள். கார்டெரி என்கிற பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துக்குப் போன நாளிலிருந்து பிரெஞ்சிலேயே வளர்ந்தவள். ஒரு குரல் கொடுத்திருந்தால் இறங்கிவந்து வரிவரியாக வாசித்துச் சொல்லியிருப்பாள். அந்த எண்ணம் பேரின்பநாயகத்துக்கும் வராமலில்லை. ஞானத்தகப்பனை முன்னால் இருத்திவைத்துக்கொண்டு அவன் கொண்டுவந்த காகிதத்தைப் பிள்ளையைக் கொண்டு சோதிப்பதா என்று வாய் கூசியது. பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தார். றொபின்சன் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான்.

அவன் வாய்முகூர்த்தம் பலித்தது. ஜனவரியில், வாசல் பனியை வழிப்பதற்குள் விரல் விறைத்துப்போகிற ஒரு காலையில், ஃபர்னஸ் படுத்துவிட்டது. பேரின்பநாயகம் கலங்கவில்லை. கம்பனிக்குப் போன் அடித்தார். ஒருவன் வந்தான். பேஸ்மென்டுக்கு இறங்கினான், இயந்திரத்தில் ஒட்டியிருந்த தகட்டைப் படம் பிடித்தான், ஆண்டுக்கு ஆண்டு பரிசோதனை செய்த ரசீது எங்கே என்று கேட்டான். அப்படி ஒன்று செய்யவேண்டும் என்று யார் சொன்னார்கள்? அத்தோடு இவ்வளவு பழைய இயந்திரத்துக்குத் திட்டம் பொருந்தாது என்றும் சொல்லி, பாவி, சிரித்த முகத்தோடு விடைபெற்றுப் போய்விட்டான். ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்றவில்லை.

றொபின்சனுக்குப் போன் அடித்தபோது முதலில் மணி மட்டும் போனது. பிறகு அவனே எடுத்தான். "அண்ணன், அது கம்பனிட சட்டம். எல்லாம் அந்தப் பேப்பரில கிடக்குதானே. நான் விக்கிற ஆள் மட்டும்தான். உங்களுக்கு நான் பிழையாச் செய்வனா?"

பேரின்பநாயகம் கடன்பட்டுப் புது ஃபர்னஸ் போட்டார். அதைவிட அவரை வாட்டியது வேறொன்று. "இஞ்ச பார், வெளியில ஒருத்தருக்கும் மூச்சுக் காட்டாத" என்றார் றஜனியிடம். "பேரின்பம் நல்லா ஏமாந்திட்டானெண்டு கோயில்ல சிரிப்பாங்க. அவனும் நம்மட பிள்ளைட ஞானத்தகப்பன். சந்தியில இழுத்தா நமக்குத்தான் கேவலம்."

"மற்ற ஆக்களும் ஏமாறுவாங்களே?"

"அவங்கவங்களுக்குக் கண் இருக்குத்தானே" என்றார். தமக்கும் இருந்தது என்பதை அந்த மனிதர் வசதியாக மறந்துவிட்டார்.

அடுத்த ஒக்ரோபர் வந்தது. ஒரு ஞாயிறு பூசை முடிந்து, கோயிலின் கீழ் மண்டபத்தில் எல்லோரும் ரோல்ஸும் தேத்தண்ணியுமாக நிற்கையில் யோசெப்பின் என்பவள் பேரின்பநாயகத்திடம் வந்தாள். புருஷனை இழந்தவள், தன் வீட்டு பேஸ்மென்டில் கார்டெரி நடத்திச் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துப் பிழைக்கிறவள். அந்தப் பிள்ளைகளின் சத்தம்தான் அவளுக்குச் சோறும் துணையும்.

"அண்ணன், ஒரு புத்தி சொல்லுங்க. என்ட ஃபர்னஸும் பழசாப் போச்சு. இந்த வருசம் புதுசு போடுவமெண்டு கொஞ்சம் சேர்த்து வச்சிருக்கன். றொபின்சன் தம்பி சொல்லுறார், புதுசு இப்ப தேவையில்ல, திட்டத்தை எடுத்தா பழசையே ஓட்டலாமெண்டு. நீங்களும் எடுத்திருக்கீங்களாம். நல்லமா?"

றொபின்சன் நாலடி தள்ளி, கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு இவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான். றஜனி புருஷனின் முகத்தையே பார்த்தாள். 'சொல்லுங்க' என்று அவள் கண் கெஞ்சியது. வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் யோசெப்பின் ஏன் என்று கேட்பாள்; ஏன் என்று சொன்னால் மண்டபம் முழுக்கத் தெரியும்; நாளைக்கு றொபின்சன் முகத்தில் எப்படி முழிப்பது?

"ஓம் புள்ள, பரவாயில்ல. எடுக்கலாம்" என்றார் பேரின்பநாயகம். வாயில் கிடந்த ரோல்ஸைச் சொல்லவேண்டிய சொல்லோடு சேர்த்து விழுங்கினார். றொபின்சன் கோப்பையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான்.

யோசெப்பின் நிம்மதியாகப் போனாள். சேர்த்த காசில் கார்டெரிக்குப் புதுக் கம்பளமும் சின்னக் கதிரைகளும் வாங்கினாள். ஃபர்னஸ் பழசாகவே ஓடியது.

அந்த ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், பிள்ளைகளைத் தாய்தகப்பன்மார் கூட்டிப்போன கையோடு ஃபர்னஸ் நின்றது. கம்பனி இதோ வருகிறோம், அதோ வருகிறோம் என்றது. திட்டம் இருக்கிறதுதானே என்று அவளும் வேறு யாரையும் கூப்பிடவில்லை. வீடு ஐஸ்பெட்டியானபோது ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போய்ப் படுத்தாள். திங்கட்கிழமை ஆள் வந்தான். தகட்டைப் படம் பிடித்தான். அதே ரசீதைக் கேட்டான். அதே சிரிப்போடு போனான். அதற்குள் பேஸ்மென்டில் தண்ணிக் குழாய் உறைந்து வெடித்து, கம்பளம், கதிரை, பொம்மை எல்லாவற்றையும் நனைத்து அப்படியே ஐஸாய் இறுகியிருந்தது.

சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்கள் எத்தனை நாள் காத்திருப்பார்கள்? அவர்களுக்கும் வேலை இருக்கிறதே. ஒவ்வொருவராகப் பிள்ளைகளை வேறு இடங்களில் சேர்த்துவிட்டார்கள்.

செய்தி கேட்டு பேரின்பநாயகமும் றஜனியும் உதவிக்குப் போனார்கள். கம்பளத்தை அறுத்து அறுத்துப் படியால் இழுத்தார்கள். பாரம் தூக்கிப் பழகிய மனிதருக்கு அன்றைக்கு ஒரு சின்னக் கதிரைகூடக் கனத்தது. சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"றொபின்சன் இப்பிடிச் செய்வானெண்டு ஆர் கண்டது?" என்றார்.

றஜனி கையிலிருந்த கம்பளத் துண்டைக் கீழே போட்டாள். ஒரு வருசமாக அடக்கிய வாய் அது. "ஏன், நமக்குத் தெரியாதா? போன குளிருக்கு நமக்கும் இதே கூத்துத்தானே நடந்தது!"

யோசெப்பின் கையிலிருந்த ஈரப் பொம்மையைக் கீழே வைத்தாள். "போன குளிருக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள். "அப்ப ஒக்ரோபரில நான் உங்களிட்டக் கேக்கக்குள்ள உங்களுக்குத் தெரியுமா அண்ணன்?"

பேரின்பநாயகம் ஓம் என்று தலையை ஆட்டினார்.

"றொபின்சன் வியாபாரி. அவர் வித்தார், அது அவர்ர பிழைப்பு. அவரை நம்பி நான் எடுக்கல்ல அண்ணன். உங்கட வாயை நம்பித்தான் எடுத்தன்." அவள் கத்தவில்லை, கத்தியிருந்தால் அவருக்குத் தாங்கியிருக்கும். "தேத்தண்ணி வைக்கவும் வீட்டில தண்ணி இல்ல. நீங்க போயிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை கீழ் மண்டபத்தில் அதே ரோல்ஸ், அதே தேத்தண்ணி. மூலை மேசையில் றொபின்சன், புதிதாக வீடு வாங்கிய தனுஷாவுக்கும் அவள் புருஷனுக்கும் முன்னால் காகிதம் விரித்திருந்தான். பேரின்பநாயகத்தைக் கண்டதும் கை தட்டிக் கூப்பிட்டான். "இந்தா, அண்ணனிட்டையே கேளுங்க. அவர் எடுத்து ஒரு வருசத்துக்கு மேலாச்சு."

பேரின்பநாயகம் மேசையடியில் வந்து நின்றார். இந்தத் தடவை சொல்லை விழுங்கவில்லை.

"எடுத்தன் தங்கச்சி. உடைஞ்சது. ஒரு ஸ்குரூவும் கழற்றித் தரல்ல. யோசெப்பினுக்கும் அதே கதி. தெரிஞ்சுகொண்டே அவவை எடுக்கச் சொன்னது நான்."

றொபின்சன் எழும்பினான். "அண்ணன், கோயில்ல வச்சி இப்பிடியா? நான் உங்கட பிள்ளைட ஞானத்தகப்பன்."

"அதாலதான் கேள்வி கேக்காமக் கையெழுத்து வச்சன். அதாலதான் ஏமாந்ததையும் மறைச்சன்." தனுஷாவின் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, திட்டம் எடுங்க, எடுக்காம விடுங்க, அது உங்கட இஷ்டம். ஆனா உங்கட ஃபர்னஸ்ட வயசுக்கு இது பொருந்துமா, என்னத்தைச் செய்வாங்க, என்னத்தைச் செய்யமாட்டாங்க, நாங்க வருசா வருசம் என்ன செய்யவேணும், எல்லாத்தையும் எழுத்தில காட்டச் சொல்லுங்க. பிரெஞ்சு தெரிஞ்ச ஒருத்தரை வச்சி வாசிச்சுப் பாருங்க. விக்கிற ஆள் மாமனெண்டாலும் மச்சானெண்டாலும் கேளுங்க. கேட்டா முகம் முறியுமெண்டா முறியட்டும். ஆளைப் பாத்துக் கையெழுத்து வைக்கிறது மடத்தனம். ஏமாந்த பிறகு மானத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறது அடுத்தவனுக்குச் செய்யிற துரோகம்."

தனுஷா காகிதத்தை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள். "வாசிச்சுப் போட்டுச் சொல்லுறம் அண்ணை" என்று றொபின்சனிடம் சொன்னாள். அவன் யாரையும் பார்க்காமல் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். நல்ல நாளும் அதுவுமாக இந்த மனிதனுக்கு என்ன பிடித்தது என்று இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். எங்களுக்கும் இப்படித்தான் நடந்தது என்று அதற்குப் பிறகுதான் ஒருவர் வாய் திறந்தார். அவரைப் பார்த்து இன்னொருவர்.

பேரின்பநாயகம் மனைவியின் பக்கத்தில் வந்து இருந்தார். ஒரு பாராட்டை எதிர்பார்த்தாரோ என்னவோ. றஜனி வழக்கமாக யோசெப்பின் இருக்கும் கதிரையைப் பார்த்தாள். அது வெறுமையாக இருந்தது.

"நல்லாத்தான் சொன்னீங்க" என்றாள். "ஆனா கேக்கவேண்டிய ஆள் இங்க இல்லையே. இதையே ஒக்ரோபரில சொல்லியிருந்தீங்களெண்டா, நாளைக்கு விடிய அவட வீட்டில பிள்ளைகள்ட சத்தம் கேட்டிருக்கும்."