களத்தில் ஓடிய ரயில்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று ஈரோடு ரயில்வே ஷெட்டில் எல்லோரும் சொல்வார்கள். இஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிறவனுக்குக் கொஞ்சம் சூடு இருக்கத்தானே செய்யும்? ஆனால் என் பெண்டாட்டி அத்தாயியிடம் மட்டும் அந்தக் கோபம் பலிக்கவில்லை. கல்யாணமாகி இரண்டு வருஷம். அவள் கொல்லிமலையில், வளப்பூர் நாடு என்கிற பகுதியில், அப்பன் வீட்டில் இருந்தாள். நான் ஈரோட்டில் தனியாகக் கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தேன்.

ரயிலில் ஏறமாட்டேன் என்பதுதான் அவள் பேச்சு. அவள் அண்ணன் சின்னுசாமி எட்டு வருஷத்துக்கு முன்னால் சிலோன் தோட்டத்துக்கு ரயிலேறிப் போனான். போனவன் போனவன்தான். ஒரு கடுதாசிகூட இல்லை. ரயிலுக்கு ஆளைக் கொண்டுபோகத்தான் தெரியும், திரும்பக் கொண்டுவரத் தெரியாது என்று அவள் முடிவுகட்டிவிட்டாள்.

முப்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் மாமனார் காளியண்ணன் சொல்லியனுப்பினார். இந்தத் தடவையும் அவள் வராவிட்டால் ஊரைக் கூட்டிக் கல்யாணத்தைத் தீர்த்துவிடலாம், உங்களுக்கும் வயசு போகிறதே என்று. அவளை விட்டுவிட எனக்கு மனசே இல்லை.

எங்கள் ஷெட்டில் அப்துல் அலீம் என்று இஞ்சின் பழுதுபார்க்கும் ஒரு பிட்டர். மிச்சம் மீதிப் பித்தளையைச் சேர்த்து நாலு வருஷமாக ஒரு குட்டி இஞ்சின் செய்திருந்தார். இரண்டு முழ நீளம்தான், ஆனால் பெரிய இஞ்சினில் உள்ளது எல்லாம் அதிலும் உண்டு. என் கதையைக் கேட்டதும் அதையும், அது ஓடுகிற துண்டுத் தண்டவாளத்தையும் தூக்கிக் கொடுத்துவிட்டார். "ஒரு கீறல் உளுந்தாலும் ஷெட்டுப் பக்கம் வந்துராதீங்க" என்றார். மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் ஓர் ஆளைப் பிடித்து, இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தலையில் சுமந்து மலையேறினோம்.

மறுநாள் காலையிலேயே நான் ஈரோட்டுக்குத் திரும்ப வேண்டும். போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம் மழை விட்டிருந்தது. சாமை அடித்து முடித்த களத்தில் தண்டவாளத்தைப் பூட்டினேன். இருந்தது நாற்பது அடிதான். இஞ்சின் நிற்காமல் ஓட வேண்டுமே என்று வட்டமாகப் போட்டேன். தண்ணீர் ஊற்றி, அடுப்புக்கரியைப் பற்றவைத்து வெகுநேரம் விசிறினேன்.

"ஏனுங்க மாப்ளே, ஒரு ஒலைச் சோறு வெந்திருக்குமாட்ட இருக்குதே" என்றார் மாமனார்.

"இதுவும் அடுப்புத்தானுங்க மாமா. கொஞ்சம் பொறுங்க."

அத்தாயி பலாமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு, வேறெங்கோ பார்ப்பதுபோல நின்றாள். அந்த நடிப்பெல்லாம் என்னிடம் செல்லாது. ஓரக்கண் இங்கேதான் இருந்தது.

ஆவி ஏறியதும் பிடியைத் தள்ளினேன். ஈரத்தண்டவாளத்தில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. ஒரு பிடி மணல் தூவினேன். இஞ்சின் குப்குப்பென்று கிளம்பி ஓடியது. நாய் ஒன்று வாலைச் சுருட்டிக்கொண்டு மிளகுக்கொடிப் பக்கம் ஓடிப்போனது. மாமனார் வாய்விட்டுச் சிரித்தார். அத்தாயி ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தாள். கடைசியில் தண்டவாளத்துப் பக்கத்திலேயே குந்திவிட்டாள்.

"திரும்பி வருதுங்களே!" என்றாள்.

"வருது."

"எத்தனவாட்டி போனாலும் பொறப்பட்ட எடத்துக்கே வருதுங்க."

"ஆமா."

"அப்ப நாளைக்கு நானும் வாரேனுங்க."

மாமனார் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், காரியம் முடிந்துவிட்டது. ஆனால் அவள் முகத்தில் இருந்த தெளிவைப் பார்த்ததும் என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. இவளை ஏமாற்றியா கூட்டிப்போக வேண்டும்?

"அத்தாயி, நெசமான ரயிலு இப்படி வட்டமா வராது. நேராப் போயிரும். தண்டவாளம் பத்தலைன்னு நாந்தான் வளைச்சுப் போட்டேன்."

மாமனார் தலையில் அடித்துக்கொண்டார். பேச்சு மும்முரத்தில் நான் கரி போட மறந்துவிட்டேன். இஞ்சின் சுணங்கி, வட்டத்தின் அந்தப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது.

"ஏனுங்க நின்னுபோச்சு?"

"கரி தீந்துபோச்சு."

"நேராப் போற வண்டி அப்புறம் எப்படிங்க திரும்பும்?"

"ஆளுக திருப்பி ஓட்டியாரோணும்."

"நீங்க ஓட்டுவீங்களா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "இல்ல கண்ணு. ஓட்டறது டிரைவரு. நான் வெறும் கரி போடறவன்."

நின்றுபோன இஞ்சினையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"கரி போடாம டிரைவரு எப்படிங்க ஓட்டுவாரு? நான் வாரேன். திரும்பறப்பவும் நீங்களே போடுங்க."

பதினோரு வருஷமாகக் கரி போடுகிறேன். அது பெரிய வேலை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.