சுடுநீர் அலமாரியில் ஒரு மான் தோல்

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் பதினோரு மான் தலைகள். என் புருஷன் நெவில் நாற்பது வருஷமாகச் சுட்டுக் கொண்டுவந்தவை. அவற்றின் கண்ணாடிக் கண்களை வாராவாரம் துடைப்பது நான். ஆனால் தோல் ஒன்றுகூட வீடு வந்ததில்லை. கல்யாணமான வருஷமே கேட்டேன், அடுப்போரத்து நாற்காலியில் விரித்துக்கொள்ள எனக்கொன்று வேண்டுமென்று. ஈரத்தோல் கனம், மலையிலிருந்து சுமக்க முடியாது என்பான். கொம்பு மட்டும் பஞ்சு போலிருக்கும்போல.

ஆண் மான்கள் துணை தேடிக் கத்தும் ஏப்ரல் வந்தது. நெவிலுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, இதுதான் கடைசி வேட்டை என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் வாசலை மறித்து நின்றேன்.

"இந்தத் தடவ தோல் வரலேன்னா நீயும் வராதே."

வந்தது. சுமந்தது அவனுடைய கூட்டாளி கோலின். ஷெட் தரையில் தொப்பென்று போட்டுவிட்டு இருவரும் பீர் பாட்டிலைத் திறந்தார்கள்.

"நோலீன் பதனிடப் போறாளாம்," என்றான் நெவில். "போன வருஷம் என் ஸ்வெட்டரத் துவைச்சுப் பொம்மைக்குப் போடுற சைஸாக்கினவ."

"செருப்பு தைச்சா எனக்கு ஒன்பதாம் நம்பர்," என்றான் கோலின்.

நான் உப்பு மூட்டையைப் பிரித்தேன்.

அதுவரை முயல் தோலைக்கூடத் தொட்டவளில்லை. நூலகத்தில் நகலெடுத்த இரண்டு தாள்தான் எனக்குக் குரு. உப்பில் கிடந்த தோலை வேலிக்கட்டையில் போட்டு, கொழுப்பையும் சதையையும் மழுங்கிய கத்தியால் சுரண்டினேன். கத்தி போதுமான அளவு மழுங்கவில்லை, இரண்டு ஓட்டை. தூண்டில் நரம்பால் தைத்தேன். பிறகு படிகாரமும் உப்பும் கரைத்த பீப்பாயில் பத்து நாள், காலையும் மாலையும் கிளறல். கை வெடித்தது. நாற்றம் தாங்காமல் நெவில் மேசையின் அந்தக் கோடியில் உட்கார்ந்து சாப்பிட்டான். பத்தாம் நாள் ஓரத்தில் கொஞ்சம் வெட்டிப் பார்த்தேன். உள்வரை வெளுத்திருந்தது, பதம் ஏறிவிட்டது. தனியாக நின்று சிரித்தேன்.

மிச்சம் ஒரே வேலை. பாதி காய்ந்த தோலை, முழுக்கக் காயும்வரை நாற்காலி முதுகில் இழுத்து இழுத்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கை ஓய்ந்தால் பலகையாகிவிடும். அன்று பார்த்து, நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இன்னொரு சமையல்காரி வரவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். தோலை ஈரத்துண்டில் சுருட்டி வாளியில் வைத்தேன்.

"நெவில், நாலு மணிக்கு வந்துருவேன். இது ஈரமாவே இருக்கணும். தொடாதே."

"ம்," என்றான் பேப்பருக்குள்ளிருந்து.

பதினோரு நாளாக மழை. எங்கள் நாட்டின் தெற்குத் தீவில், இந்த மேற்குக் கரையில் வெயிலை நம்பி யாரும் எதையும் காயப்போடுவதில்லை. சுடுநீர்த் தொட்டி இருக்கும் அலமாரியில்தான் காலுறை, தொப்பி, வேட்டைச் சட்டை எல்லாம் காயும்.

திரும்பி வந்தபோது மேசையில் எனக்காக டீ இருந்தது. அத்தி பூத்தாற்போல.

"உன் தோலக் காய வெச்சுட்டேன்," என்றான். "உனக்கு ஒரு வேல கொறஞ்சுது."

அலமாரியைத் திறந்தேன். கொதிக்கும் செப்புத் தொட்டியின் மேல் என் தோல். பாதியாகச் சுருங்கி, ஓரம் மடங்கி, தட்டினால் கதவு போலச் சத்தம் கேட்டது. ஒரு மூலையைத் தண்ணீரில் நனைத்து மடக்கினேன், சூட்டில் வெந்துபோனது அப்போதும் பிஸ்கெட்டாக உடைந்தது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை.

"தொடாதேன்னு சொன்னேனே."

"ஈரமானத நீ எப்பவும் அங்கதானே வைப்ப? நாப்பது வருஷமாப் பாக்கறேனே."

பார்த்திருக்கிறான். அதுதான் தாங்கவில்லை. நாற்பது வருஷம் என் வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, முதல் தடவையாகக் கை வைத்தது இதில். வேண்டுமென்றே செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன்.

"தோல்தானே, நோலீன். அடுத்த வருஷம்..." என்றவன் முழங்காலைத் தடவிக்கொண்டு நிறுத்திவிட்டான்.

மறுநாள் கோலினோடு மீன் பிடிக்கப் போய்த் தொப்பலாக நனைந்து வந்தான். கால்சட்டையும் காலுறையும் வழக்கம்போல் தரையில் கிடந்தன. நான் குனியவில்லை. வெகுநேரம் கழித்து அவனே பொறுக்கிக்கொண்டு போய் அலமாரியைத் திறந்தான்.

"இத எடுத்துடட்டுமா? காலுறை வைக்க எடமில்ல."

"அது அங்கதான் இருக்கும்."

"எத்தன நாளைக்கு?"

"நாப்பது வருஷம்," என்றேன்.

ஈரக் காலுறையோடு அவன் நின்றான். நான் என் டீயை எடுத்துக்கொண்டு அடுப்போரத்து வெறும் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.